வெற்றிக் கிண்ணத்தின் விலை

நல்லூரிலே வாழ்பவர்களுக்கு விலை என்னும் சொல்லைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. எல்லாப் பொருள்களின் விலையும் ஏறிக்கொண்டே போக, கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு மட்டும் ஒரு ரூபாவாகவே இருந்து வருகின்றது. நாள்தோறும் பருத்தித்துறை வீதியால் போய்வரும் நாம் அந்த ஒரு ரூபாவைக் கண்டு கண்டு, உலகத்துப் பொருள்கள் யாவும் சற்று அழுத்திக் கேட்டால் குறையக் கூடியவையே என்றொரு நம்பிக்கையை மனத்தில் வளர்த்துவிட்டோமோ என்று இப்பொழுது ஐயுறுகின்றோம். அந்த நம்பிக்கை எமக்கு ஒரு முறை நாணத்தைத் தேடித் தந்தது. அதனை ஈண்டு மறையாது சொல்லுகின்றோம்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்குத் தை, மாசி மாதங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். சென்ற ஆண்டு எமது கல்லூரிப் போட்டிக்குரிய பரிசில்களை வாங்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. நாம் கணிதம் கற்பிப்பவர். ஆகையாற் பணத்தைக் கையாளத் தக்கவர் என்று சபையினர் எண்ணினர் போலும். 40 வெற்றிக் கிண்ணங்கள் வேண்டும். கையில் இருந்ததோ 60,000 ரூபா. ஆக, கிண்ணமொன்று 1,500 ரூபாவைத் தாண்டலாகாது.

கோயிலடியிலிருந்து சிறிது தூரத்தில் ஓர் ஒழுங்கை முகப்பிலே கிண்ணங்களும் கேடயங்களும் பதக்கங்களும் செய்து கொடுக்கும் சிறு கடை ஒன்று இருக்கின்றது. கடைக்காரர் எம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் கணிதம் படித்தவர். நாம் போனவுடன் எழுந்து நின்றார்; தாம் இருந்த கதிரையை எமக்குத் தந்தார். நாம் காட்டிய மாதிரிக்கு 1,850 ரூபா விலை சொன்னார். நாமோ கல்லூரியின் நிலைமையைச் சொன்னோம். பழைய மாணாக்கரின் கடமையைச் சொன்னோம். வேறு கடைகளும் உண்டு என்பதையும் மெல்லச் சொன்னோம். அவர் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சேர் கேட்டால் நான் என்னெண்டு மறுக்கிறது? 1,500க்கே செய்து தாறன்” என்றார்.

சபைக் கூட்டத்திலே இதனை நாம் பெருமையோடு அறிவித்தோம். கல்லூரிக்கு 14,000 ரூபா மிச்சம் பிடித்துத் தந்தவர் என்று எம்மைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நாம் மறுக்கவில்லை.

போட்டிக்கு முதல்நாள் இரவு ஏழு மணிக்குக் கிண்ணங்களைப் பெறப் போனபோது, கடையில் அவரும் உதவிக்கு ஒரு பையனும் நிலத்தில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இன்னும் 18 கிண்ணங்கள் பூட்டவேண்டியிருந்தன. தாமதத்துக்குக் காரணம் நாமே. வெற்றியாளர் பெயர்ப்பட்டியலை அன்று காலையிலேதான் கொடுத்திருந்தோம். சும்மா இருப்பது தகாது என்று எண்ணி, நாமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாயில் அமர்ந்தோம்.

வெற்றிக் கிண்ணத்தை முழுதாகக் கண்டவர் பலர்; பகுதி பகுதியாகக் கண்டவர் சிலரே. மேடையில் ஒரே பொருளாய் மின்னுகின்ற அது, கடையில் ஏழெட்டு உறுப்புகளாய் வேறுவேறு பெட்டிகளிற் கிடக்கின்றது. அடியில் மாபிள் பீடம். அதன் மேல் வண்ணத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் தூண். தூணின் மேற் கிண்ணம். கிண்ணத்தின் மூடியில் ஓடுகின்ற வீரனோ, பந்தெறியும் வீராங்கனையோ, சிறகு விரித்த வெற்றித் தெய்வமோ ஓர் உருவம். இவை அனைத்தையும் ஊடுருவி, முதுகந்தண்டு போல மரையுள்ள ஓர் இரும்புக் கம்பி செல்லுகின்றது. பீடத்தின் அடியிலே குடைந்த குழியில் வாசரும் நட்டும் இட்டு முடுக்கினால் எல்லாம் ஒன்றாகி நிற்கின்றன. அவ்வளவுதானே என்று தோன்றும். நாமும் அவ்வாறே நினைத்தோம்.

நாம் பூட்டிய முதற் கிண்ணத்தில் வீரன் பெயர்த்தகட்டுக்கு முதுகைக் காட்டி ஓடினான். அதனைக் கழற்றித் திருப்பினோம். இரண்டாவதை நன்றாக இறுக்கவேண்டும் என்று முடுக்கியதில் மாபிள் பீடத்தின் மூலை தெறித்தது. அப்பொழுதுதான் கடைக்காரர் கற்றுத் தந்தார். நட்டை இறுக்குகையில் கம்பியோடு சேர்ந்து உருவமும் சற்றுத் திரும்பும். ஆகையால் முதலில் உருவத்தைக் கொஞ்சம் இடப்புறமாக வைத்துக்கொள்ள வேண்டும். குறைய இறுக்கினாற் கிண்ணம் ஆடும். கூட இறுக்கினாற் கல் வெடிக்கும். கை நிறுத்தச் சொல்லும் இடம் ஒன்று இருக்கின்றது. அங்கே நிறுத்திவிட வேண்டும். எம்மிடம் கணக்குப் படித்தவர் எமக்குப் பாடம் சொல்ல, நாம் மாணாக்கராய் இருந்து கேட்டோம். தெறித்த பீடத்தை அவர் ஒன்றுஞ் சொல்லாமல் ஒரு மூலையில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துத் தந்தார்.

இவ்வுறுப்புகளிற் பெரும்பாலானவை சீனத்திலிருந்து வருகின்றன. சில இந்தியாவிலிருந்து வருகின்றன. கொழும்பு புறக்கோட்டை வணிகர் மொத்தமாக இறக்குவர். அங்கிருந்து ஏ9 வீதி வழியே லொறியில் யாழ்ப்பாணம் வந்து சேரும். ஆகவே நல்லூரில் ஒரு சிறுவன் ஓடி வெல்லும் கிண்ணத்தின் விலையைக் கடலும் டொலரும் சேர்ந்தே நிருணயிக்கின்றன. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நாட்களில் மாபிள் பீடம் வராமற் போகவே, இவர் இடித்த பழைய வீடுகளின் பனஞ்சிலாகைகளை வாங்கி அறுத்து, தேய்த்து, மெருகூட்டிப் பீடமாக்கினாராம். கரிய வைரத்தினூடே பொன்னிற நார் ஓடும் அப்பீடம் ஒன்று இன்னும் கடை அலுமாரியில் இருக்கின்றது. அதன் அழகுக்கு மாபிள் ஈடாகாது. ஆனால், அறுப்புக்கூலி கல்லின் விலையைக் காட்டிலும் கூடியதென்றும், ‘எங்கள் ஊர்ப் பனைதானே’ என்று சொல்லி வாங்குவோர் அதற்கு இன்னும் குறைத்துக் கேட்டார்கள் என்றும் சொன்னார்.

உருவங்களிலும் ஒரு குறை உண்டு. துடுப்பாட்டத்துக்கு உருவம் இருக்கின்றது, உதைபந்துக்கு இருக்கின்றது, சதுரங்கக் குதிரை கூட இருக்கின்றது. கிளித்தட்டுக்கு எவர் உருவம் வார்ப்பார்? பண்ணிசைப் போட்டியில் வென்ற பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? இத்தகைய பரிசில்களுக்கு இவர் அக்கிறிலிக் தகட்டிலே வீணையையும் குத்துவிளக்கையும் தாமே வரைந்து, லேசர்ப் பொறியால் வெட்டிச் செய்கின்றார். ஒன்றை வரைய ஒரு மாலை செல்லும். அந்த மாலைக்கு விலை போடுவது எப்படி என்பது இன்னும் தமக்குத் தெரியவில்லை என்றார்.

ஒன்பது மணியளவில் அவர் தேநீர் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனார். மேசை மீது ஒரு சீ.ஆர். கொப்பி திறந்தபடி கிடந்தது. பிறருடைய கணக்கைப் பார்ப்பது பண்பன்று. ஆயினும் இருபது ஆண்டுகளாகக் கொப்பி திருத்திய கண்கள் இலக்கத்தைக் கண்டால் நில்லா. மேற்பக்கத்தில் எமது கல்லூரியின் பெயரும் அதன் கீழ் ஒரு கிண்ணத்தின் கணக்கும் இருந்தன.

பீடம் 350. தூண் 220. கிண்ணம் 320. உருவம் 180. கம்பி, நட்டு, வாசர் 60. பெயர்த்தகடும் பொறிப்பும் 90. பெட்டி 50. இவை சேர்ந்து 1,270. உடைவுக்கு 65, நாம் தெறிக்க வைத்த பீடம் இதிலே அடக்கம் போலும். லொறிக் கூலி 45. பூட்டும் பையனுக்கு 100. கடை வாடகையும் மின்சாரமும் 120. ஆக மொத்தம் 1,600 ரூபா. கணக்கின் அடியிலே 1,850 என்று எழுதி, அதை ஒரு கோட்டால் வெட்டி, 1,500 என்று எழுதியிருந்தது.

கிண்ணம் ஒன்றுக்கு 100 ரூபா நட்டம். 40 கிண்ணங்களுக்கு 4,000. சபையிலே நாம் பாராட்டுப் பெற்ற 14,000 ரூபாவில் 10,000 அம்மனிதரின் உழைப்பின் ஊதியம்; மிகுதி 4,000 அவருடைய சட்டைப்பையிலிருந்து நேரே எடுக்கப்பட்டது. ‘ஒருவன் ஒரு பொருளை 1,600 ரூபாவுக்கு வாங்கி 1,500 ரூபாவுக்கு விற்றான் எனின்’ என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்போம்! அந்த ‘ஒருவன்’ எவன், ஏன் அவ்வாறு விற்றான், அன்றிரவு அவன் வீட்டில் என்ன சொன்னான் என்று ஒரு நாளேனும் நாம் கேட்டதில்லை.

தேநீரோடு வந்தவர் எமது முகத்தைப் பார்த்தார், கொப்பியையும் பார்த்தார். அதை மூடவில்லை. நாம் கேட்க, விலை போடும் முறையைத் தாமாகவே விளக்கினார். கடை தொடங்கிய முதலாண்டு வாங்கிய விலையோடு 20 வீதம் கூட்டி விற்றாராம். கேட்டவர்களுக்கு 20 வீதம் கழிவும் கொடுத்தாராம். கூட்டியதைத்தானே கழிக்கின்றோம், கைமுதல் போகாது என்று எண்ணினாராம். 1,000 ரூபாவுடன் 20 வீதம் கூட்டினால் 1,200. 1,200இல் 20 வீதம் கழித்தால் 960. ஒவ்வோர் ஆயிரத்திலும் 40 ரூபா எங்கே போகின்றதென்று ஆண்டு முடியுமட்டும் அவருக்குத் தெரியவில்லை.

“நீங்கள் படிப்பிச்ச கணக்குத்தான் சேர். சோதினையிலை சரியாய்ச் செய்தனான், கடையிலை பிழைச்சுப்போட்டன்” என்று சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னுஞ் சில உண்மைகளையும் அன்று அறிந்தோம். தையிலிருந்து பங்குனி வரையும் இரவு பகலாக வேலை. மெய்வல்லுநர் போட்டிகள் முடிய, 1904ஆம் ஆண்டு தொடங்கிய யாழ். மத்திய கல்லூரி - பரி. யோவான் கல்லூரித் துடுப்பாட்டம் போன்ற பெரும் போட்டிகளின் ஆரவாரம் வரும். அத்தோடு காலம் முடிந்துவிடும். பின்னர் கழகங்களின் போட்டிகளும் பரிசளிப்பு விழாக்களும் இடையிடையே வருமேயன்றி, மற்ற நாட்களில் கடை ஓய்ந்திருக்கும், வாடகை ஓய்வதில்லை. 2024ஆம் ஆண்டு தை முதலாந் திகதியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. சிறு கடைகள் அவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால், கொழும்பில் வாங்கும் பொருளின் விலைக்குள் அது ஒளிந்து வருகின்றது. பதியாதவர் அதனை மீளப்பெற வழியில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாகப் பாடசாலைகளின் காசு போட்டி முடிந்து இரண்டு மூன்று மாதங்களின் பின்னரே கைக்கு வரும். புறக்கோட்டை வணிகர் அவ்வளவு நாள் பொறுப்பதில்லை.

பத்து மணியானபோது வேறொரு பிழை வெளிப்பட்டது. பெயர்த்தகடு ஒன்றை ஒட்டுவதற்கு எடுத்த நாம் திடுக்கிட்டோம். எமது வகுப்பு மாணாக்கன் ஒருவனின் பெயரிலே ‘ண’ வரவேண்டிய இடத்தில் ‘ன’ நின்றது. கணினியில் எழுத்துரு மாறியதால் நேர்ந்த பிழை என்று முதலில் எண்ணினோம். பாமினியில் அடித்ததை யுனிகோட்டுக்கு மாற்றுகையில் கொம்பும் காலும் இடம் மாறுவது இங்கு எல்லாருக்கும் பழக்கமான தொல்லை. ஆனால், பட்டியலை எடுத்துப் பார்த்தால் பிழை எமது கையெழுத்திலேயே இருந்தது. அத்தகைய தகடுகள் மூன்று.

“சின்ன எழுத்துத்தானே, இருக்கட்டும்” என்றோம், நேரத்தை எண்ணி.

“அந்தப் பிள்ளைக்கு அது சின்ன எழுத்தில்லை சேர்” என்று சொல்லி, அவர் பொறியை மறுபடியும் இயக்கினார்.

அந்தச் சொல் எம்மை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுபோயிற்று. 1993ஆம் ஆண்டு, எமக்குப் பன்னிரண்டு வயது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை. போத்தல் மண்ணெண்ணெய் பொன்போல் இருந்த காலம். அக்காலத்திலும் பாடசாலையில் ஓட்டப்போட்டி நடந்தது. வெள்ளி முலாம் மங்கிய பழைய கிண்ணம் ஒன்றே இருந்தது. வென்ற ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைத்து அதனைக் கொடுப்பார்கள். மறுபக்கப் படியால் இறங்கும்போது ஓர் ஆசிரியர் அதனை வாங்கி, அடுத்தவனுக்குக் கொடுப்பதற்காக மேடைக்கு அனுப்புவார். நாமும் அதனைப் பத்து அடி தூரம் சுமந்தோம். ஆனால், எமக்கென்றே தந்தது ஒரு தாள். அதிலே ஒரு வாத்தியார் முத்து முத்தாக எமது பெயரை எழுதியிருந்தார். எம் பெயர் எழுதி எமக்குப் பரிசாகக் கிடைத்த முதற் பொருள் அதுவே. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் யாவரும் ஒரே இரவில் வீடுகளை விட்டு நடந்தபோது, அத்தாளும் சுவரிலே தங்கிவிட்டது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது சுவர் இருந்தது, தாள் இல்லை. நாம் வருந்தியது அந்தக் கிண்ணத்துக்காக அன்று. பெயர் எழுதிய அந்தத் தாளுக்காகவே.

பெரிய உலகத்திலும் இவ்வழக்கே நிலவுகின்றது என்று எண்ணிப் பார்க்கின்றோம். ஒலிம்பிக் தங்கப் பதக்கம் முழுத் தங்கமன்று. 1912ஆம் ஆண்டோடு அது முடிந்தது. இப்பொழுது வெள்ளியின் மேல் ஆறு கிராம் அளவிலே தங்கம் பூசப்படுகின்றது. உலக உதைபந்துக் கிண்ணமோ 18 கரட் தங்கத்தாலானது. 6 கிலோவுக்கு மேல் நிறையுடையது. அதன் அடியிலும் வென்ற நாடுகளின் பெயர்களைப் பொறிக்கின்றார்கள். தங்கமே போதும் என்று விட்டாரில்லை. வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதிலே பெயர் பொறித்த நம் முன்னோரும் கல்லின் விலையை எண்ணினார்கள் அல்லர். கிண்ணத்தின் எல்லா உறுப்புகளும் கடையில் விலைக்கு வரும். அதனை ஒருவனுடையதாக்குவது 90 ரூபாத் தகடு ஒன்றே. அந்தத் தகட்டைச் சரியாகப் பொறிக்க இரவு பதினொரு மணிவரை விழித்திருக்கும் மனிதர் ஊரில் வேண்டும் என்றால், அவர் கடை நடத்தக்கூடிய விலையை ஊர் கொடுக்கத்தான் வேண்டும்.

போட்டி சிறப்பாக முடிந்தது. சபையில் நாம் இக்கணக்கைச் சொன்னோம். “வியாபாரி நட்டத்துக்கு விற்பானோ? கொப்பியைத் திறந்து வைத்ததும் ஒரு வித்தையாய் இருக்கும்” என்றார் ஒருவர். அவர் சொன்னதையும் தள்ளிவிடாது, அடுத்த வாரம் வேறு இரண்டு கடைகளில் விலை விசாரித்தோம். ஒன்றில் 1,800, மற்றொன்றில் 1,900. வித்தை எதுவும் இருக்கவில்லை. சபையின் காசிலிருந்து ஒப்பிய விலைக்கு மேல் கொடுக்க விதி இடந்தராது. ஆகவே நாமும் உடன் ஆசிரியர் இருவரும் எமது பணத்தைச் சேர்த்து, கிண்ணங்களுக்கு 4,000மும் திருத்திய மூன்று தகடுகளுக்கு 270மும் ஆக 4,270 ரூபாவை ஓர் உறையிலிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அவர் உறையைத் திறந்து எண்ணினார். 270 ரூபாவை எடுத்துக்கொண்டு மிகுதியைத் திருப்பித் தந்தார்.

“விலை நான் வாயாலை சம்மதிச்சது சேர். அது என்ரை கணக்கு. தகடு மட்டும் உங்கடை பிழை, அதுக்குக் காசு எடுக்கிறன்” என்றார். பின்பு 270 ரூபாவுக்கு முறையாகப் பற்றுச்சீட்டும் எழுதித் தந்தார். வருங்காலத்திலே பெயர்ப்பட்டியலை இரண்டு வாரம் முந்தித் தரவேண்டும், பாதிப்பணம் முற்பணமாகத் தரவேண்டும் என்று இரண்டை மட்டும் கேட்டுக்கொண்டார்.

இவ்வாண்டு அவ்வாறே செய்தோம். அவர் சொன்ன 1,850 ரூபாவைக் குறைத்துக் கேட்கவில்லை. 28 கிண்ணங்களுக்கு 51,800 ரூபா. எஞ்சிய 8,200 ரூபாவுக்கு நல்ல நூல்கள் 12 வாங்கி, மூன்றாமிடம் பெற்றவர்களுக்கு அவரவர் பெயரெழுதிக் கொடுத்தோம். பெயர்களை எழுதியவர் நாமே. எவரும் குறைசொல்லவில்லை. பட்டியலை முன்கூட்டி ஆயத்தஞ் செய்ய வேண்டியிருந்ததால், ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து அவன் பெயரை அவனைக் கொண்டே எழுதுவித்தோம். ஆசிரியராய் இருந்தும் எத்தனை பெயர்களை இதுகாறும் பிழையாக எழுதி வந்தோம் என்று அப்பொழுது தெரிந்தது.

முருகன் சந்நிதியில் ஒரு ரூபா போதும். குறைவதை நிறைக்க ஆயிரம் அடியவர் இருக்கின்றார்கள். ஒழுங்கை முகப்புக் கடையிலே நாம் குறைக்கும் ரூபாவை நிறைப்பவர் எவர் என்று கேட்டால், அக்கடைக்காரரின் மனைவி மக்களைத் தவிர வேறொருவரும் இலர்.

பிழையாகப் பொறித்த மூன்று தகடுகளில் ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கி வந்தோம். அது எமது மேசையில், வெண்கட்டிப் பெட்டிக்குள் கிடக்கின்றது. ‘ஒருவன் ஒரு பொருளை வாங்கி’ என்று கரும்பலகையில் எழுதுவதற்கு வெண்கட்டி எடுக்கும் போதெல்லாம் அது விரலில் தட்டுகின்றது.